செபம் முடிந்து அலை வரும்வரை

அவருடைய குரல் வருவதற்கு முன்னால் கடல் வந்துவிடுகிறது.

என் கணவர் வளைகுடாவிலிருந்து அனுப்பும் குரல்பதிவுகள் எல்லாமே இப்படித்தான். பொத்தானை அழுத்திவிட்டு என்ன சொல்வதென்று கொஞ்ச நேரம் யோசிப்பார் போலிருக்கிறது. அந்த யோசனைக்குப் பின்னால் தண்ணீர் வந்து படகின் பக்கவாட்டில் தட்டும். சளப். சளப். சளப். அதற்குப் பிறகுதான், “ஏட்டி, சாப்பிட்டியா?” என்பார். சாப்பிட்டாயா என்பதற்கு ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம். அதற்கு முன்னால் இருக்கும் தண்ணீருக்கு என்ன பதில் போடுவது? அதை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்கிறேன். கேட்டுக்கொண்டே, உதடு அசையாமல், ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கும் மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். பாதி செபம் தாண்டுவதற்குள் மூன்று அலை தட்டிவிடுகிறது. சுற்றிலும் நிலம் அடைத்த கடல் அது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை காலை உதைப்பதுபோல உதைத்துக்கொண்டே இருக்கிறது; ஆளைத் தூக்கி எறியும் கடல் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஃபோனைக் கவிழ்த்து வைத்தால் அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை.

நான் இருப்பது, கடல் கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாக அரசாங்கம் தந்த குடியிருப்பின் இரண்டாம் மாடியில். இங்கே சுவரில் உப்புப் பூப்பதில்லை. சன்னல் கம்பி துருப்பிடிப்பதில்லை. துணி காய்ந்தால் காய்ந்ததுதான், மறுபடி பிசுபிசுக்காது. எல்லாம் நல்லதுதான். ஆனால் காலையில் கண் விழித்தால் காதுக்கு வேலையில்லை. வேலையில்லாத காது சும்மா கிடக்குமா? மாடித்தொட்டி நிரம்பி வழிகிற சத்தத்தை அளக்கிறது. தம்பானூர் பேருந்து நிலையத்தில் ஓர் அறிவிப்புக்கும் அடுத்த அறிவிப்புக்கும் இடையில் எத்தனை செபம் கொள்ளும் என்று பார்க்கிறது. போன மழைக்காலத்தில், எங்கேயாவது போக வேண்டும்போல இருந்ததால், விதுரா பஸ்ஸில் ஏறிப் போனேன். கடல் இல்லாத ஊராக ஒன்றைத் தேடிப் போனதாகத்தான் நினைப்பு. கடைத்தெருவைத் தாண்டி நடந்தால் ரப்பர் தோட்டம். காற்று ஒரு சரிவில் தொடங்கி இலை இலையாக ஏறி வந்து என் தலைக்கு மேலே விழுந்தது. நான் அங்கேயே நின்று செபம் தொடங்கிவிட்டேன். காற்று திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று. நடுங்கிப்போனேன். மரத்தைப் பார்த்து நடுங்கின ஒரே மனுஷி நானாகத்தான் இருப்பேன்.

என்ன இது, செபமும் அலையும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் வீடு வலியதுறைக்குச் சற்றுத் தெற்கே, கடப்புறம் என்கிற கடலோரக் குடியிருப்பின் முதல் வரிசையில் இருந்தது. அடுக்களைச் சன்னலைத் திறந்தால் மணல், மணல் முடிந்தால் கடல். வலப்பக்கம் தூரத்தில் பாதி முறிந்த கடற்பாலம். நான் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ் பேசும் குமரிக் கடற்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அங்கே எங்கள் ஊர்க் கடலில் பாறை அதிகம். அலை எப்போது பார்த்தாலும் யாருடனாவது சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். இங்கே சரிவான மணற்கரை. அலை வந்து ஒரே போடாகப் போடும். பிறகு அள்ள முடிந்த மணலை அள்ளிக்கொண்டு கரகரவென்று பின்வாங்கும். வந்த புதிதில் அந்தக் கரகரப்பு என்னைத் தூங்கவிடவில்லை. பிறகு அது இல்லாமல் தூக்கம் வரவில்லை.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளத்தில் ஏறுகிறவர் கடலைப் பார்த்து முடிவு சொல்லக்கூடாது. ஏற ஆசைப்பட்டவருடைய கண்ணுக்கு அலை எப்போதும் கொஞ்சம் தணிந்தே தெரியும் என்பதால். ஒவ்வொரு வள்ளத்துக்கும் கரையில் நிற்கிற ஆள் ஒருவர் இருப்பார், அன்று ஏறாதவர். அவர் சரி என்றால் வள்ளத்தை இறக்கலாம். இல்லையென்றால் திட்டலாம், மணலை உதைக்கலாம், இறக்கக்கூடாது. எங்கள் ஃபைபர் வள்ளத்துக்கு அந்த ஆள் நான். ஆசைப்பட்டு வாங்கிய பதவி இல்லை. அடுக்களை கடலுக்குப் பக்கத்தில் இருந்தது, எனக்கு விடியற்காலையில் தூக்கம் நிற்காது, அவ்வளவுதான் தகுதி.

அப்போதும் இப்போதும் தம்பானூர் அச்சகம் ஒன்றில் தமிழ் தட்டச்சு செய்கிறேன். தமிழர்கள் வாழும் ஸ்ரீவராகத்துத் தெருக்களிலிருந்து வரும் கலியாணப் பத்திரிகைகள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள், ஓட்டல்களுக்கு விலைப்பலகை. இடையிடையே நாலு வரி எனக்காக எழுதிக்கொள்வேன். சில சிற்றிதழ்களில் வந்திருக்கின்றன. இது தெரிந்ததிலிருந்து கொழுந்தனுக்கு நான் ஒரு வேடிக்கை. கடல் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்த முதல் நாளே கேட்டான்.

“மைனி, கடல்ல எழுத்துப்பிழ இருந்தா திருத்திருவீங்களா?”

“உங்க அண்ணனையே திருத்த முடியல்ல. கடல எங்க திருத்த?”

“அது செரி,” என்றான். அன்று நிம்மதியாக வள்ளம் ஏறினான்.

நேரம் அளக்க அந்தக் கரையில் எல்லோரும் செபத்தைத்தான் வைத்திருந்தார்கள். ஓர் அலை கரையில் விழும் சத்தம் கேட்டதும் மங்கள வார்த்தையைத் தொடங்க வேண்டும். முழந்தாளில் நின்று சொல்கிற வேகம் வேண்டும். பூசைக்குப் பிந்திப்போய் ஓடிக்கொண்டே சொல்கிற வேகம் ஆகாது. செபத்தின் கடைசிச் சொற்களில் அடுத்த அலை வந்து விழுந்தால் நல்ல கடல். நடுவிலேயே விழுந்துவிட்டால் காற்றுக்கடல். நனைவார்கள், முதுகு வலிக்கும், ஆனாலும் போகலாம். செபம் முடிந்து, ஆமென் சொல்லி, அதற்குப் பிறகும் அலை விழாமல் கொஞ்சம் மௌனம் மிச்சம் நின்றால், அன்றைக்கு வள்ளத்தைத் தொடக்கூடாது. அந்த அலை உள்ளூர் அலை இல்லை. தெற்கே, ஆளே இல்லாத பெருங்கடலில் எங்கோ அடித்த புயல் கிளப்பிவிட்ட அலை. நாள்கணக்காக நடந்து வருகிறது. நடுக்கடலில் அதற்கு முகமே கிடையாது. வள்ளம் அதன்மீது ஏறி இறங்குவதுகூடத் தெரியாது. கரைக்கு அருகே காலில் தரை தட்டும்போதுதான் எழுந்து நிற்கும். நின்றால் பனையளவு நிற்பதுபோல் இருக்கும். கள்ளக்கடல் என்பார்கள். காற்று கிடையாது, மேகம் கிடையாது, வெயில் சிரித்துக்கொண்டிருக்கும். அது பாட்டுக்கு ரோட்டைத் தாண்டி வீட்டுக்குள் வரும்.

அதன் பெரிய தந்திரம் இடைவெளிதான். பெரிய அலைகள் நாலைந்தாகச் சேர்ந்து வரும். வந்து போனபின் வெகுநேரம் கடல் ஒன்றுமே நடக்காததுபோலக் கிடக்கும். அப்போது கரைக்கு வந்து பார்ப்பவர், ஆகா, இறக்கலாம் என்பார். அதனால்தான் கண்ணை நம்பாமல் காதை நம்புவது. கூட்டமாக வரும் பெரிய அலைகள் ஓய்ந்திருக்கும்போதும் சின்ன அலைகளின் இடைவெளி மாறாது. சின்ன அலையாக இருந்தாலும் செபத்துக்கு அப்பால் மௌனம் மிச்சம் நின்றால் பின்னால் பெரியது வருகிறது என்று பொருள்.

ஃபோனிலும் எச்சரிக்கை வரும். அலையின் உயரம் இவ்வளவு, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இத்தனை நொடி என்று. எல்லோரும் உயரத்தைப் பார்த்துவிட்டு ஃபோனை மடியில் செருகிக்கொள்வார்கள். நொடியைப் பார்ப்பவர் என் கணவர் ஒருவர்தான். பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

“ஃபோன் முழுக் கரைக்கும் பறயுது. நம்ம வாசல்ல எப்பிடின்னு நீ சொன்னா மதி, அது போதும்.”

ஆக, எங்கள் நாள் இப்படித் தொடங்கும். நான் அடுக்களையில் சாயாவுக்குத் தண்ணீர் வைப்பேன். சன்னலைத் திறப்பேன். செபம் சொல்வேன், ஒருமுறை, இன்னொருமுறை, சந்தேகம் இருந்தால் மூன்றாவது முறையும். உள்ளே பாயில் கிடந்தபடி அவர் கேட்பார்: “எப்பிடிக் கெடக்கு?” நல்ல கடலென்றால் நான், “கொள்ளாம். போயிட்டு வாங்க,” என்பேன்; கொள்ளாம் என்றால் நன்றாயிருக்கிறது. இல்லையென்றால், “மிச்சம் இருக்கு.” இரண்டே பதில்தான். கலியாணமான இத்தனை வருடத்தில் நாங்கள் ஒருவரோடொருவர் அதிகம் பேசிய வார்த்தைகள் இவையாகத்தான் இருக்கும்.

இதிலும் சண்டை உண்டு. மழை பெய்து, போர்வைக்குள் சூடு இருக்கும் காலைகளில் என் செபம் தன்னால் வேகம் பிடித்துவிடும். வேகமாக முடிந்தால் மௌனம் மிச்சம் நிற்கும் அல்லவா. அவர் உள்ளேயிருந்து கத்துவார்.

“ஏட்டி, மாதாவ ஏன் போட்டு இந்த ஓட்டம் ஓட்டுதே? பஸ்ஸு போயிருமா?”

“நான் எப்பவும் போலத்தான் சொன்னேன்.”

“எனக்கது முடியல்ல. ஒனக்கது முடிஞ்சாச்சு. எப்பிடி?”

அவருக்குச் சிறுவயதில் பள்ளியிலும் கோயிலிலும் மலையாளத்தில்தான் செபம். பாயில் கண்ணை மூடிக்கொண்டு எனக்கு இணையாக மலையாளத்தில் சொல்லிக்கொண்டு வருவார். பெரும்பாலும் அவர்தான் முதலில் முடிப்பார். “நடுவுல ஒரு வரிய முழுங்கிட்டீங்க,” என்பேன். “மலையாளத்துக்கு வாலு கொறவு,” என்பார். நான் வேகம் பிடித்த நாளில் மட்டும் எனக்குப் பின்னால் முடிப்பார், பிடிபட்டுவிடுவேன். சிரித்துக்கொண்டே மறுபடி நிதானமாகச் சொல்வேன். அலை கடைசிச் சொல்லில் வந்து விழும். “கொள்ளாம்,” என்பேன், மனசில்லாமல். அவர் எழுந்து வந்து, என் தோளுக்கு மேலே கையை நீட்டி, சாயா டம்ளரை எடுத்துக்கொண்டு போவார். கழுத்தில் உப்பு வாசனை. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாத, எஞ்சின் எண்ணெயும் உப்பும் கலந்த வாசனை. இந்த வீட்டுத் தலையணையில் அது இல்லை.

கரை குறைந்துகொண்டே வந்தது. முதலில் வள்ளம் ஏற்றி வைக்கும் இடம் போயிற்று. பிறகு வலை காயப்போடும் இடம். எங்களுக்கு முன்னால் இருந்த தென்னை ஒரு மழைக்காலத்தில் சாய்ந்தது, அடுத்ததில் காணோம். பலர் வள்ளங்களை விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே கல்லணைக்குள் தண்ணீர் அசையாது. செபம் சொல்லிப் பார்க்க யாரும் வேண்டாம். என் கணவர் அங்கே சிலநாள் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, “அது கடலு இல்ல, பஸ் ஸ்டாண்டு,” என்றார். ஒருநாள் சாயா குடித்துக்கொண்டே, கரை இல்லாதவனுக்கு எதுக்கு வள்ளம் என்று டம்ளரிடம் கேட்டார். டம்ளர் ஒன்றும் சொல்லவில்லை. நான் அதை வாங்கிக் கழுவி வைத்தேன். வளைகுடாவில் மீன்பிடிக்கப் போகும் பேச்சு அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது.

விசா வந்தது. வள்ளத்தைப் பூவார்ப் பக்கத்து ஆள் ஒருவருக்குப் பேசி முடித்தார்கள். புறப்பாட்டுக்கு முந்தின நாள் மாலை வாங்கியவர் மினி லாரியோடு வந்து ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. அன்று விடியலில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, சொந்தக் கரையிலிருந்து சொந்த வள்ளத்தை இறக்கிப் போய்வர வேண்டும் என்பது என் கணவருடைய ஆசை. வேறெதையும் அவர் கேட்கவில்லை. புதுச்சட்டை வேண்டாம், விருந்து வேண்டாம், யார் வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொள்ள வேண்டாம். முந்தின மாலையே கொழுந்தனும் அவருமாகக் கணவாயை அறுத்து இரை தயார் செய்தார்கள். அவர் தூண்டில் முட்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். நாளைக்கு இன்னொருவருக்குப் போகப்போகிற முட்கள்.

அப்போதுதான் மூன்று பேரின் ஃபோனும் ஒன்றாகக் கூவின. கள்ளக்கடல் எச்சரிக்கை. சிவப்பு.

“போன தடவையும் செவப்புதான் வந்துது,” என்றான் கொழுந்தன். “வாசல்ல ஒரு நண்டு வந்துது, அவ்வளவுதான்.”

என் கணவர் நொடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “காலைல பாப்போம்,” என்றார்.

விடிந்தது. வெயில்காலத்துக் காலை, இலை அசையவில்லை. சன்னலைத் திறந்தேன். கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. கரையோரம் மட்டும் முழங்கால் அளவு அலை, அதுவும் சோம்பலாக. நல்லவேளை என்று நினைத்தேன். விழுந்த சத்தத்தோடு செபத்தைத் தொடங்கினேன். நான் தொடங்கியது எனக்கே தெரியாத ஒரு நிதானத்தில். ஒவ்வொரு சொல்லையும் பூப்போல எடுத்து வைத்தேன். இத்தனை வருடமும் அவரை வீட்டில் நிறுத்த ஓடிய செபம், அன்று அவரைக் கடலுக்கு அனுப்ப நடந்து போயிற்று. கடைசிச் சொல்லில் அலை விழுந்தது. அப்பாடா. அடுப்பில் தண்ணீர் கொதித்தது. சாயாத்தூள் போட்டேன்.

போட்ட கை நின்றுவிட்டது. முழந்தாளில் இப்படியா சொல்வோம்?

சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே முழந்தாளிட்டேன். மறுபடி சொன்னேன். எப்போதும்போல. ஆமென். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. கடல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல ஒரு மௌனம். பிறகு, சோம்பலாக, அலை விழுந்தது. இன்னொருமுறை சொன்னேன். அதே மௌனம்.

“எப்பிடிக் கெடக்கு?”

இந்தமுறை பாயிலிருந்து இல்லை. அடுக்களை வாசலிலேயே நின்றிருந்தார். கைலியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு சுற்றி, இரைப்பெட்டியோடு. என் கண் அவர் முகத்துக்குப் போகாமல் இரைப்பெட்டியிலேயே நின்றது.

“மிச்சம் இருக்கு,” என்றேன்.

அவர் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. “ஒருக்கா கூடிச் சொல்லு,” என்றார். “வா, வெள்ளத்துக்கிட்ட, அலைக்குப் பக்கத்துல போய்ச் சொல்லு.”

போனோம். மணலில் கொழுந்தன் வள்ளத்தின் மூக்கைக் கடல்பக்கம் திருப்பி வைத்திருந்தான். “மைனி, குளம் கணக்கா கெடக்கு,” என்றான். “கொளத்துக்கு என்னத்துக்குச் செபம்?” நான் அலையைப் பார்த்து நின்றேன். விழுந்தது. வாய்விட்டுச் சொன்னேன், தமிழில். என் கணவர் கூடவே சொன்னார், மலையாளத்தில். அவர் முதலில் முடித்தார். நான் முடித்தேன். கொழுந்தன் வள்ளத்தின் விளிம்பிலிருந்து கையை எடுத்தான். மூன்று பேருக்கும் கேட்டது, அந்த ஒன்றுமில்லாமை. முடியும் முடியும் என்று நினைக்க அது இன்னும் நீண்டது.

“செரி,” என்றார் அவர்.

ஆனால் அதோடு முடியவில்லை. பக்கத்து வள்ளக்காரர் தன் ஆட்களோடு வந்தார். அவருக்காகக் கடல் பார்க்கும் கரையாள், வீடிழந்தவர்களுக்கான முகாமுக்குக் குடிபோய்விட்டதால், அவரே பார்த்து அவரே முடிவு சொல்லிக்கொண்டார். “என்னப்பா, கடைசி நாளும் பெண்டாட்டி விடல்லியா?” என்று கேட்டுவிட்டுத் தள்ளினார். வள்ளம் வழுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. எஞ்சின் ஒருமுறை இருமி, பிடித்துக்கொண்டது. ஒரு துளி தெறிக்காமல் அலையைத் தாண்டிப் போய்விட்டார்கள். என் கணவர் மணலில் குந்தி உட்கார்ந்து, அந்த வள்ளம் புள்ளியாகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்காரலாமா என்று எனக்குத் தோன்றியது. நின்ற இடத்திலேயே நின்றேன்.

“அவன் போயாச்சு,” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

அவருக்கு முன்னால் மணல், அதில் எங்கள் வள்ளம், அதன் மூக்குக் கடலைப் பார்த்தபடி. எழுந்து நாலு அடி வைத்துத் தள்ளினால் போதும், அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். நான் தடுத்திருக்க மாட்டேன். அவர் எழவில்லை.

வெயில் ஏறியது. முதல் பெரிய அலை வந்தபோது நான் அடுக்களையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் இல்லை, அதுதான் விசேஷம். கரகரப்பு மட்டும் திடீரென்று ரொம்ப தூரத்துக்குப் போயிற்று. கடல் தன் தண்ணீரையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டதுபோல. எட்டிப் பார்த்தேன். பார்த்திராத மணலெல்லாம் தெரிந்தது. “வள்ளத்தப் பிடி!” என்று என் கணவர் கத்தினார். அக்கம்பக்கத்து ஆண்களும் பெண்களும் ஓடினார்கள், நானும் ஓடினேன். தண்ணீர் எங்கள் இடுப்பளவு வந்து, வள்ளத்தை எங்களோடு சேர்த்துத் தூக்கி, ரோட்டின் ஓரத்தில் போட்டது. அடுத்தது வருவதற்குள் ரோட்டைத் தாண்டி இழுத்துவிட்டோம். எங்கள் அடுக்களைக்குள் ஏறிய தண்ணீர் அடுப்பை அணைத்து, தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக நிதானமாக இறங்கிப் போயிற்று. வானத்தில் ஒரு மேகம் இல்லை. இலை அசையவில்லை.

பிற்பகலில் தணிந்தது. மினி லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது. எஞ்சினைக் கழற்றி, வள்ளத்தைத் தூக்கி வைத்து, கயிறு போட்டு இறுக்கினார்கள். என் கணவர் கயிற்றின் முடிச்சைத் தானே ஒருமுறை சரிபார்த்தார். லாரி நகர்ந்ததும் பின்னாலேயே நாலு அடி நடந்தார். பிறகு, செருப்பை எங்கேயோ விட்டுவிட்டவர்போலக் கீழே பார்த்து நின்றார்.

லாரி போன தெருமுனையிலேயே ஓர் ஆட்டோ வந்து நின்றது. பக்கத்து வள்ளக்காரர் இறங்கினார். கரைக்கு வர வழியில்லாமல் விழிஞ்ஞத்தில் போய் ஏறி, ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் பெரிய விளமீன்.

“இந்தா, ஒனக்குத்தான். கொண்டு போ,” என்றார் என் கணவரிடம். “வெளியில ஒண்ணும் இல்லப்பா. தொட்டில் கணக்கா இருந்துது. நல்ல கோளு, பெட்டி நெறய மீனு. கரைக்கு வரத்தான் முடியல்ல.”

ஆக, போயிருக்கலாம். போயிருந்தால் போய், பிடித்து, விழிஞ்ஞத்தில் ஏறி, ஆட்டோவில் வந்திருக்கலாம். அல்லது அந்தப் புள்ளி மறைந்தபின் இவர்கள் தள்ளியிருந்தால் பெரிய அலைக்கூட்டம் கரையோரத்திலேயே பிடித்திருக்கலாம். இரண்டும் உண்மை. அவ்வளவு பெரிய கடலில் இரண்டு உண்மைக்கும் இடமிருந்தது. எங்களுக்குத்தான் ஒன்று போதவில்லை.

ஈர அடுப்பு எரியாது. கொழுந்தன் வீட்டில் மீனைக் குழம்பு வைத்து, மாலை வெளிச்சத்தில் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் கணவர் முள்ளை எடுத்து ஓரத்தில் வரிசையாக வைத்தார், தூண்டில் முட்களை வைத்ததுபோல.

“போயிருக்கலாம்,” என்றேன்.

“நல்ல மீனு,” என்றார். இன்னொரு முள்ளையும் எடுத்து வைத்துவிட்டு, “நீ மிச்சம் இருக்குன்னு பறஞ்சே. இருந்துது. அதுக்குமேல என்ன?” என்றார்.

“அண்ணன் அங்க போயி நல்ல பெரிய கடலாப் பாத்து எறங்கட்டு,” என்றான் கொழுந்தன். “மைனி இங்கேருந்து ஃபோன்ல மிச்சம் இருக்குன்னு பறஞ்சா எந்தா செய்யும்?”

சிரித்தோம். மூன்று பேருக்கும் சிரிப்பு ஒரே நேரத்தில் முடிந்தது.

மறுநாள் விமான நிலையம். கடப்புறத்திலிருந்து பார்த்தால் விமானம் ஒவ்வொன்றும் எங்கள் கூரையில் ஏறி இறங்குவதுபோல இருக்கும், அத்தனை பக்கம். ஆனால் வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் ஏறும் வாசல் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், சாக்கையில். ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கடலிலிருந்து கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்சத்தில் கடல் காணாமல் போய்விடுகிறது.

அவர் புதுச் செருப்பில் தடுமாறி நடந்தார். தள்ளுவண்டியில் ஒரு பெட்டி, ஒரு பை. பையில் நான் வைத்த மீன் ஊறுகாய், என் பழைய செபமாலை. வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்து, போகலாம் என்று தலையசைத்தார். இவர் போகவில்லை. வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டுத் திரும்பி, என் அருகே வந்தார். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு சுற்றிப் போனார்கள். கட்டிப்பிடித்து அழுகிற குடும்பம் ஒன்று எங்களுக்கு இடப்பக்கம். வலப்பக்கம் செல்ஃபி எடுக்கிறவர்கள். என் கணவர் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

“எப்பிடிக் கெடக்கு?” என்று கேட்டார்.

கண்ணை மூடிக்கொண்டேன். தள்ளுவண்டிச் சக்கரங்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் மூன்று மொழியில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தை, தண்ணீர் வேண்டும் என்று. காதை மேற்கே அனுப்பினேன், ஓடுபாதையைத் தாண்டி, எங்கள் சன்னலைத் தாண்டி, எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு. செபம் நாக்கின் நுனியில் நின்றது. அதைத் தொடங்க ஓர் அலை விழ வேண்டும். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பாயில் எழுந்து உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருப்பதுபோல.

“கொள்ளாம்,” என்றேன். “போயிட்டு வாங்க.”